ஓட்டுப் போடவே பயமாக இருக்கிறது என்ற அரியாங்குப்பம் தம்பிக்கு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 27 வயது, ஊர் அரியாங்குப்பம். 2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலுக்கு வரிசையில் நின்றபோதே கை நடுங்கியதாம். போட்டியிட்ட யாரையும் பிடிக்கவில்லை. போட்ட ஓட்டு போட்ட இடத்துக்குத்தான் போனதா என்று சந்தேகம். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் மூண்ட சண்டையில் சித்தப்பாவோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. “543 எம்.பி.க்களில் புதுச்சேரிக்கு ஒரே ஒருவர். அதற்கு இவ்வளவு மன உளைச்சல் எதற்கு? அடுத்த முறை வீட்டிலேயே இருந்துவிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் கடலூர் மாவட்டத்தில் 31 வருஷம் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். டீச்சர் வேலை கிடைத்தால் தேர்தல் வேலையும் கூடவே வரும். ஆரம்பத்தில் விரலில் மை வைத்தேன், கடைசிச் சில தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். ஆகவே எந்தக் கட்சிப் பக்கமும் உங்களை இழுக்க மாட்டேன். ஜனநாயகக் கடமை என்று பாடமும் எடுக்க மாட்டேன், அதை வகுப்பில் எடுத்து எடுத்து எனக்கே சலித்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது ஒன்றுதான். பயப்பட விஷயம் இருக்கிறது, ஆனால் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பயப்படுகிறீர்கள்.

மெஷினிலிருந்து தொடங்குகிறேன். 2019 தேர்தலில் எனக்குப் பண்ருட்டிப் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவே ஒரு ஊர். முதல் நாள் சாயங்காலமே மெஷின், அரக்கு, மெழுகுவத்தி, மைக்குப்பி, கட்டுக் கட்டாகப் படிவம் எல்லாவற்றோடும் லாரியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். வகுப்பறை பெஞ்சில் படுத்தால் தூக்கம் எங்கே வரும்? விடியும் முன்பே கட்சி ஏஜெண்டுகள் வந்துவிடுவார்கள். அவர்கள் எதிரில் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். குறைந்தது 50 ஓட்டு. எந்தச் சின்னத்துக்கு எத்தனை போட்டார்கள் என்று தாளில் குறித்துக்கொண்டு, மெஷின் காட்டுகிற கணக்கையும், ஓட்டைத் தாளில் அச்சடித்துக் காட்டுகிற விவிபாட் பெட்டியில் விழுந்த சிலிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் எல்லாவற்றையும் அழித்து, மொத்தம் பூஜ்யம் என்று காட்டி, அவர்களிடமே கையெழுத்து வாங்கி சீல் வைப்போம்.

அன்றைக்கு இருந்த பதற்றத்தில் நான் ‘கிளியர்’ பட்டனை அழுத்தாமலேயே சீல் வைக்க அரக்கை உருக்க ஆரம்பித்துவிட்டேன். “டீச்சர், கிளியர் அடிக்கலையே!” என்று ஒரே நேரத்தில் இரண்டு பேர் கத்தினார்கள். ஒருவரையொருவர் முகம் பார்க்காத இரண்டு கட்சிகளின் ஏஜெண்டுகள் அவர்கள். என் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை, ஒருவர் மேல் ஒருவருக்குச் சுத்தமாக இல்லை. அந்த அவநம்பிக்கையால்தான் தம்பி இந்த வேலை ஒழுங்காக நடக்கிறது. சாயங்காலம் ஓட்டுப்பதிவு முடிந்ததும் எத்தனை ஓட்டு விழுந்தது என்ற 17சி படிவத்தின் நகலை அவர்கள் கையில் கொடுத்தாக வேண்டும். எண்ணிக்கை நாளில் அதே எண்ணை மெஷின் காட்ட வேண்டும்.

நீங்கள் நீல பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சான சிலிப் 7 நொடி தெரியும், பிறகு விழுந்துவிடும். அதைப் பாருங்கள். பாதிப் பேர் பட்டனை அழுத்தியதும் ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர்கள் போலத் திரும்பி ஓடிவிடுகிறார்கள். சிலிப்பில் வேறு சின்னம் தெரிந்தால் அங்கேயே தலைமை அலுவலரிடம் சொல்லலாம். எழுதி வாங்கிக்கொண்டு, ஏஜெண்டுகள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போட வைப்பார்கள். புகார் பொய் என்றால் தண்டனை உண்டு. விவிபாட் வந்த பிறகு நான் பார்த்த இரண்டு தேர்தல்களில் யாரும் அப்படி வந்து நிற்கவில்லை. எண்ணும்போது ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் 5 வாக்குச்சாவடிகளின் சிலிப்புகளைக் குலுக்கல் முறையில் எடுத்து எண்ணுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்று தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று தள்ளுபடி செய்தது. இன்னும் கொஞ்சம் கூடுதலாக எண்ணினால் குடி முழுகிவிடாது என்பது என் சொந்தக் கருத்து. ஆனால் அதற்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கெடுத்துக்கொள்ள வேண்டிய இடம் வாக்காளர் பட்டியல்.

அதே ஊரில், காலை ஒன்பது மணி இருக்கும். ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வாக்காளர் அட்டை. மனைவி பெயர் பட்டியலில் இருந்தது. அவர் பெயர் இல்லை. முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் புரட்டிப் பார்த்தோம், அடுத்த அறையில் இருந்த பட்டியலின் இன்னொரு பாகத்திலும் தேடினோம். இல்லை. “போன தடவை இதே ரூம்புலதானே போட்டேன்” என்கிறார். நான் என்ன செய்ய? பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையைக் காட்டினாலும் அனுமதிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. மனைவி உள்ளே போய் விரலில் மையோடு வந்தார். பெரியவர் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது வருகிறவர்களையெல்லாம் பார்த்து, “பேரு இருக்கான்னு பாத்துட்டு வந்தியா?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

அட்டை கையில் இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் வாக்காளர் அட்டை தொலைந்துபோனாலும் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் போன்ற ஒன்றைக் காட்டிப் போடலாம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2025 நவம்பர் 4 முதல் சிறப்புத் தீவிர திருத்தம் நடந்ததே, வீடு வீடாகப் படிவம் கொடுத்து, 2002 - 2005 காலப் பழைய பட்டியலில் உங்கள் பெயரோ அப்பா அம்மா பெயரோ எங்கே இருந்தது என்று தேடச் சொன்னார்களே, நினைவிருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் குறைந்தன. செத்தவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். அப்படிக் குறைந்த பெயர்களில் உங்கள் பெயர் இல்லை என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மெஷினைப் பற்றி வாட்ஸ்அப்பில் நாள் முழுக்கச் சண்டை போடுகிற ஆட்களிடம் உங்கள் பாகம் எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள்.

அடுத்தது, நாம் யாருக்குப் போட்டோம் என்று கட்சிக்காரனுக்குத் தெரிந்துவிடுமா என்ற பயம். நீங்கள் இதை நேரடியாகக் கேட்கவில்லை, ‘தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்போல’ என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் பாதி உண்மை.

உங்கள் ஒருவருடைய ஓட்டு யாருக்கும் தெரியாது. மெஷினில் பெயர் கிடையாது. ஆனால் உங்கள் பூத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை என்பது அப்படியே தெரியும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. மெஷின் வந்தபின் பூத் பூத்தாகத்தான் எண்ணுகிறார்கள், படிவம் 20 என்ற பெயரில் அந்தக் கணக்கு வெளியிலும் வருகிறது. 14 மெஷின்களின் ஓட்டை மொத்தமாகக் கூட்டிக் காட்டுகிற டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. சட்ட ஆணையமும் 2015-ல் அதை ஆதரித்தது. அரசு ஏற்கவில்லை. எந்தக் கட்சிக்கும் அதில் அவசரம் இருக்காது, காரணம் உங்களுக்கே புரியும்.

ஓட்டுக்குப் பணம் வைத்து ‘கவர்’ கொடுக்கிற ஆட்களின் பலம் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. “இந்தத் தெருவுக்கு இவ்வளவு கொடுத்தோம், இவ்வளவுதான் விழுந்திருக்கு” என்று மறுவாரம் வந்து நிற்பார்கள். ஒரு தேர்தலில் ஒரு பாட்டி, மை வைக்கக் கையை நீட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், விளக்க அணச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. மாத்திப் போட்டா சாமி குத்தமா?” அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. “உள்ளே யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க பாட்டி” என்று மட்டும் சொன்னேன். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது சொல்லலாம்: குற்றத்தை மறைக்க வாங்குகிற சத்தியத்துக்கு எந்தச் சாமியும் சாட்சிக்கு வராது. பாட்டி என்ன செய்தாள் என்று தெரியாது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றாள், பீப் சத்தம் கேட்டது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, ‘ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்’ என்கிற கேள்வி. எங்கள் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில் இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே தொல். திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். அதே காட்டுமன்னார்கோவிலை உள்ளடக்கிய சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் 2019-ல் அவரே 3,219 ஓட்டில் ஜெயித்தார். மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நான் மிச்சத்தையும் சொல்கிறேன். உங்கள் புதுச்சேரி தொகுதியில் 2024-ல் ஜெயித்தவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். நீங்கள் அன்றைக்கு வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் அதே ஆள்தான் ஜெயித்திருப்பார்.

ஆனால் மேலே சொன்ன பூத் கணக்கை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். தொகுதியில் பத்து லட்சம் வாக்காளர், உங்கள் பூத்தில் ஆயிரத்துச் சொச்சம். அந்தத் தாளைக் கட்சிக்காரர்கள் பஞ்சாங்கம் மாதிரி படிக்கிறார்கள். போன முறை 400 விழுந்த இடத்தில் இந்த முறை 340 என்றால், யார் அந்த 60 பேர், ஏன் என்று வட்டச் செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஓட்டே போடாத தெருவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பத்து லட்சத்தில் காணாமல் போகிற உங்கள் ஓட்டு, அந்த அறுபதில் காணாமல் போகாது. உங்களைப் பயமுறுத்துகிற அதே கணக்குத்தான் உங்கள் கைப்பிடியும்.

வேட்பாளர் யாரையும் பிடிக்கவில்லை என்கிறீர்கள். எனக்கும் பிடித்து ஓட்டுப் போட்டது இரண்டோ மூன்றோ தடவைதான். 2024-ல் ஓட்டுப்பதிவும் சரி, ஜூன் 4 எண்ணிக்கையும் சரி, மீன்பிடித் தடைக்காலத்துக்குள் விழுந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதம் வீராம்பட்டினத்துப் பக்கம் நாட்டுப்படகு கொண்டுவருகிற மீனைத்தானே வாங்கிக் குழம்பு வைத்தீர்கள்? பெரிய வஞ்சிரம் வந்தால்தான் அடுப்பைப் பற்றவைப்பேன் என்று உங்கள் அம்மா சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கட்சிக் கொறடா உத்தரவை மீறி அவையில் ஓட்டுப் போட்டால் எம்.பி. பதவியே போய்விடும். நல்ல மனிதரை அனுப்பினாலும் முக்கியமான மசோதாவில் அவர் கட்சி சொல்கிற பட்டனைத்தான் அழுத்துவார். இதில் நீங்கள் ஏமாற்றம் அடைந்தால் அது நியாயமான ஏமாற்றம். ஆகவே ஆளைப் பார்ப்பதில் பாதி நேரத்தைக் குறைத்து, அந்தக் கட்சி டெல்லியில் எதற்குக் கை தூக்கும் என்று பாருங்கள். ஆளைப் பார்க்க வேண்டுமானால் மனுவோடு அவர் தாக்கல் செய்கிற பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். வழக்கு எத்தனை, சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். போஸ்டரைவிட சுவாரசியமாக இருக்கும்.

நோட்டா? தாராளமாகப் போடலாம். 2013-க்கு முன்னால் 49-ஓ என்று ஒன்று இருந்தது. யாருக்கும் ஓட்டில்லை என்றால் தலைமை அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 2011-ல் ஒரு பையன் வந்து “நாப்பத்தொம்பது ஓ” என்று சொன்னதும் ஏஜெண்டுகள் அத்தனை பேரும் தலையைத் தூக்கி அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பேனாவைக் கையில் வாங்கியவன் வைத்துவிட்டு, “பட்டனே அழுத்திடறேன் டீச்சர்” என்று உள்ளே போய்விட்டான். நோட்டா வந்தபின் அந்தச் சங்கடம் இல்லை. பலன்தான் எதிர்பார்க்கக் கூடாது. 2024-ல் இந்தூர் தொகுதியில் நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கு மேல் விழுந்து இரண்டாம் இடமே வந்தது. இருந்தும் முதலிடத்தில் இருந்தவர் எம்.பி. ஆகிவிட்டார்.

‘எங்களுக்கு ஒரே எம்.பி.’ என்பதற்கு வருகிறேன். கடலூர்க்காரியாக எனக்கு உங்களைப் பார்த்தால் கொஞ்சம் பரிதாபம்தான். புதுச்சேரி, காரைக்கால், கேரளத்துக்குள் இருக்கும் மாஹே, ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மக்களவையில் ஒருவர். ஆனால் டெல்லியில் யார் உட்காருகிறார்கள் என்பது எங்களைவிட உங்களைத்தான் அதிகம் பாதிக்கிறது. உங்கள் சட்டமன்றத்தில் 30 பேரை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், 3 பேரை மத்திய அரசு நியமிக்கிறது. அந்த நியமனம் செல்லும், அவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் உங்கள் அரசு கவிழ்ந்தபோது அந்த மூன்று பேரின் ஓட்டைப் பற்றித்தானே ஊரெல்லாம் பேச்சு? இலவச அரிசியா, வங்கிக் கணக்கில் பணமா என்பதில்கூடத் தேர்ந்தெடுத்த அரசும் துணைநிலை ஆளுநரும் மோதிக்கொண்டு உயர் நீதிமன்றம் போனார்கள். இதற்கெல்லாம் அடிப்படை 1963-ல் நாடாளுமன்றம் போட்ட யூனியன் பிரதேசச் சட்டம். மாநில அந்தஸ்து கேட்டு உங்கள் சட்டமன்றம் எத்தனை தீர்மானம் போட்டாலும், கொடுக்க வேண்டியது அதே நாடாளுமன்றம்தான்.

உங்களுக்கு நேரமிருந்தால் ஒருநாள் கீழூருக்குப் போய் அந்த நினைவு மண்டபத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவோடு சேருவதா என்று 1954 அக்டோபர் 18 அன்று அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் மொத்தம் 178 பேர். சேர 170, எதிராக 8. அந்த 178 பேரும் பிரதிநிதிகள். தெருவில் நடந்தவர்களுக்கு, வலை இழுத்தவர்களுக்கு, மில்லில் நூல் சுற்றியவர்களுக்கு அன்று ஓட்டு இல்லை. நாடு எது என்பதையே அவர்களுக்காக வேறு யாரோ முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான், ஆனாலும் அவர்களைக் கேட்கவில்லை.

கை நடுக்கத்தைப் பற்றி. நீங்கள் ஒருவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மை வைக்கும்போது விரலைப் பிடிக்கிறவளுக்குத் தெரியும், எத்தனை விரல்கள் நடுங்குகின்றன என்று. முதல் தடவை வருகிற பிள்ளைகள், வயசானவர்கள், ஏன், வாட்டசாட்டமான ஆட்களும்கூட. காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள். ஒருவர் பெயரைப் படிப்பார், ஒருவர் கையெழுத்து வாங்கி மை வைப்பார், ஒருவர் சீட்டை வாங்கிக்கொண்டு மெஷினைத் திறந்துவிடுவார். உள்ளே ஒரு நிமிஷம்கூட ஆகாது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், எப்படியும் உள்ளே அனுமதி இல்லை. ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரத்தை நிறுத்தச் சட்டம் இருக்கிறது. அதே 48 மணி நேரம் அந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவையும் ஊமையாக்கி வையுங்கள். சித்தப்பாவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், தேர்தலைத் தவிர வேறு எதையாவது. என் வீட்டுக்காரர் யாருக்குப் போடுகிறார் என்று 35 வருஷமாக எனக்குத் தெரியாது. சாம்பார்ப் பொடியில் மல்லி எவ்வளவு என்ற சண்டைக்கே எங்களுக்கு நேரம் போதவில்லை.

தேர்தல் முடிந்த பிறகும் தூக்கம் வராமல், படபடப்பு நிற்காமல் இருந்தால் அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவும் உங்களுக்குப் பக்கம்தான்.

வீட்டில் இருந்துவிடுவதா போவதா என்பதை நீங்கள் அன்று காலையில் முடிவு செய்துகொள்ளலாம். பட்டியலை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். இணையத்தில் தெரியாவிட்டால் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. அம்மா பெயரையும் சேர்த்துப் பாருங்கள். முடிந்தால் சித்தப்பா பெயரையும்.